ஒரு மூட்டைக் குடும்பம்

எங்கள் ஊரில் எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் போகும் என்பது ஒரே ஒரு மனிதருக்குத்தான் தெரியும். அவரை எல்லோரும் வால்வு அண்ணன் என்று கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும்; அதை அவரே மறந்திருப்பார் என்பது என் எண்ணம். முப்பது வருடத்துக்கு முன்னால் மேல்நிலைத் தொட்டி கட்ட வந்தவர்களோடு பள்ளம் தோண்ட வந்த ஆள். வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரர் மூட்டை முடிச்சைக் கட்டினார். குழாய் எந்த மண்ணுக்கடியில் எப்படி வளைந்து போகிறது என்று வரைந்து வைத்திருந்த படத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டார். மிச்சமிருந்தது இவர் மண்டைக்குள் இருந்த படம்தான். அதனால் ஊர் இவரை விடவில்லை. இவருக்கும் போக ஓர் இடம் இருந்ததாகத் தெரியவில்லை.

தொட்டியின் நான்கு கால்களுக்கு நடுவில் ஓர் அறை. அதில் ஒரு பாய், ஒரு தகரப் பெட்டி, ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி. காலையில் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். ஆறு தெரு, ஆறு நாள். திங்கட்கிழமை முதல் தெரு, செவ்வாய்க்கிழமை இரண்டாம் தெரு என்று முறை. தெரு முனையில் இருக்கிற குழியின் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு, உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி வால்வைத் திருகுவார். அன்றைக்கு அந்தக் குழிக்கு நேர் எதிரே உள்ள வீட்டில் அவருக்கு மூன்று வேளையும் சாப்பாடு. சம்பளம் போதவில்லை என்று அவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே ஊர் செய்துவிட்ட ஏற்பாடு அது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கிடையாது. தொட்டியைக் கழுவிவிட்டு, பன்னும் தேநீருமாகப் பொழுதைத் தள்ளுவார்.

நாங்கள் மூன்றாம் தெரு, புதன்கிழமை வீடு. நான் தையல்காரன். என் மனைவி காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள், வாடிக்கையாளரிடம் நான் சொல்லப் பயப்படுகிற கூலியையும் அவளே சொல்வாள். புதன்கிழமை என்றால் எங்கள் வீட்டில் ஒரு தட்டு கூடும். சாப்பிடும்போது அவர் பேசமாட்டார். கையைக் கழுவியதும், "தங்கச்சி, கீரை இன்னைக்கு எடுப்பா இருந்துச்சு" என்பார். கீரை இல்லாத நாளிலும் அதையேதான் சொல்வார். ஆறு வீட்டுக் குழம்பும் நாக்கில் கலந்துபோன மனிதரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

இந்த இடத்தில் மருத்துவச் சங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரே சேர்ந்து தானியம் போட்டு வைப்பது, யாராவது நகரத்து மருத்துவமனையில் படுத்தால் அதை விற்றுச் செலவு பார்ப்பது. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! நாங்கள் அதை நடத்திய லட்சணத்தைக் கேளுங்கள். முதல் வருடம் ஆள் கணக்கு. தலைக்கு ஒரு கூடை தானியம், விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரலாம் என்றார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இருமுகிறவர் யாரோ அவரை மட்டும் சேர்த்தோம். எங்கள் வீட்டில் என் மாமனார். பக்கத்து வீட்டில் மூட்டுவலிக்காரர். எதிர்வீட்டில் நிறைமாதக்காரி. ஊரிலுள்ள நோயெல்லாம் சங்கத்துக்குள்ளே, ஆரோக்கியமெல்லாம் வெளியே. இரண்டே மாதத்தில் கிடங்கு காலி. எலிகூட வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் சட்டம் அக்கா செயலாளர் ஆனார். அறுபதை நெருங்குகிறவர். பால் சங்கத்தில் பாலில் பால்மானியை விட்டுத் தண்ணீர் பார்ப்பது அவர் வேலை. கூடப் பிறந்த அண்ணன் கொண்டுவந்த பாலையே "அரை சொம்பு தண்ணி" என்று வரிசையில் எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பியவர். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். எதையாவது சொன்னால் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடுகிறாரோ என்று நமக்குத் தோன்றும்.

அவர் மூன்று விதிகள் எழுதினார். இனிமேல் ஆள் கணக்கு இல்லை, குடும்பக் கணக்கு. குடும்பத்துக்கு ஒரு மூட்டை, சேர்ந்தால் குடும்பம் முழுக்கச் சேர வேண்டும். உடனே நாங்கள் குடும்பத்தையே சுருக்கப் பார்த்தோம். மகன் நகரத்தில் வேலை பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருகிறான், அவன் எங்கள் குடும்பமே இல்லை என்றவர்கள் உண்டு. அதனால் அவர் இன்னொரு வரி சேர்த்தார்: ஒரே அடுப்பில் சமைத்ததை வாரத்தில் ஒரு வேளையாவது சாப்பிடுகிறவர்கள் அனைவரும் ஒரே குடும்பம். நோயாளி அப்பாவை மட்டும் தனிக் குடும்பம் என்று காட்டிவிடுவார்களோ என்று இரண்டாவது விதி: ஒற்றை ஆள் குடும்பம் ஆகாது. அறுவடை வேலைக்குப் பயந்து மருத்துவமனையில் போய்ப் படுத்துக்கொண்ட இரண்டு பேரால் மூன்றாவது விதி வந்தது: படுத்தவரோடு குடும்பத்தில் ஒருவர் கடைசி நாள் வரைக்கும் கூட இருக்க வேண்டும்.

விதிகள் நன்றாகவே வேலை செய்தன. நூற்று அறுபது வீடு, நூற்று அறுபது மூட்டை. மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை.

நான்காவது வருடம், அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால், நான்காம் தெருக் குழியில் திருகு இறுகிப்போயிருந்தது. வால்வு அண்ணன் மூச்சைப் பிடித்துத் திருகினார். திருகு அசைந்தது, கூடவே அவர் வயிற்றுக்குள்ளும் ஏதோ அசைந்தது. அடிவயிற்றில் இடது பக்கம் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டது. நகரத்து டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "குடல் இறங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ணியே ஆகணும். வெளிய வந்தது சிக்கிக்கிச்சுன்னா அரை நாள் தாங்க மாட்டீங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சீட்டோடு அவர் பால் சங்கத்துக்குப் போனார். அன்றைக்கு நானும் பால் வாங்கப் போயிருந்தேன்.

"உங்க குடும்பத்துல எத்தனை பேரு?" என்று கேட்டார் சட்டம் அக்கா.

"நான் ஒருத்தன்தான்க்கா."

"அப்ப குடும்பம் இல்ல."

"அது எனக்கும் தெரியும்க்கா. ஆனா வயிறு இருக்கே."

சட்டம் அக்கா பால்மானியைத் துடைத்து வைத்தார். "சரி, அந்த வயிறு எங்க சாப்பிடுது?"

"ஆறு வீட்ல."

"அப்ப ஆறுல ஏதாவது ஒரு வீடு உங்களை அவங்க அட்டையில சேத்துக்கிட்டா போதும். அவங்க அதே ஒரு மூட்டைதான் தரப்போறாங்க. ஒரு பிடி கூடச் சேத்துத் தர வேணாம்."

ஆறு வீட்டாரையும் பால் சங்கத்துக்குக் கூப்பிட்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மூன்றாவது விதி இருந்ததே! எட்டு நாள் மருத்துவமனையில் படுக்க வேண்டும். எட்டு நாளும் வீட்டில் ஒருவர் கூட உட்கார வேண்டும். திங்கட்கிழமை வீட்டுக்காரர் மாவு மில் வைத்திருக்கிறார், மில்லை மூடினால் ஊர் என்ன சாப்பிடும் என்றார். செவ்வாய்க்கிழமை வீட்டு மாடு அந்த வாரம்தான் கன்று போட இருந்தது. வியாழக்கிழமைக்காரருக்கு ஆஸ்பத்திரி வாசனை ஆகாதாம், வாசலிலேயே தலை சுற்றிவிடுமாம். வெள்ளிக்கிழமை வீடு, சனிக்கிழமை வீடு எடுத்தால் நாங்களும் யோசிக்கிறோம் என்றது. சனிக்கிழமை வீடு, வெள்ளிக்கிழமை வீட்டைக் கைகாட்டியது.

புதன்கிழமை வீடா? புதன்கிழமை வீட்டுக்காரன், பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, நூற்று நாற்பது கால்சட்டை தைக்கக் கிடக்கிறது என்றான். நான்தான் சொன்னேன். அந்த மனிதர் பக்கத்தில் நிற்கும்போதே, முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த பால் சொம்பைப் பார்த்துச் சொன்னேன். அவர் "ஆமாமா, தம்பிக்கு வேலை தலைக்கு மேல" என்று எனக்கே பரிந்து பேசினார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

சட்டம் அக்கா யாரையும் திட்டவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்து முதல் விதியை வாய்க்குள் படித்தார். பிறகு சத்தமாகப் படித்தார். பிறகு எங்கள் ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"வாரத்துல ஒரு வேளை ஒரே அடுப்புல சாப்பிட்டா ஒரே குடும்பம். இவரு திங்கட்கிழமை மில்லுக்காரர் அடுப்புல சாப்பிடுறாரு. அப்ப இவரும் மில்லுக்காரரும் ஒரே குடும்பம். புதன்கிழமை டெய்லர் அடுப்பு. அப்ப இவரும் டெய்லரும் ஒரே குடும்பம்." விதிப் புத்தகத்தை மூடினார். "அப்ப நீங்க ஆறு வீடும் ஒரே குடும்பம்."

"அக்கா, எனக்கும் மில்லுக்காரருக்கும் பேச்சு வார்த்தை நின்னு நாலு வருஷம் ஆகுது" என்றேன்.

"குடும்பம்னா பேசணும்னு விதியில இல்ல."

அப்படியே பதிவேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார். குடும்பத் தலைவர்: வால்வு. உறுப்பினர்கள்: முப்பத்து நான்கு பேர். தலைவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது; அதில் திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று வரிசையாக எழுதினார். என் பெயருக்கு நேரே புதன்கிழமை. என் மனைவிக்கும் புதன்கிழமை. என் மாமனாருக்கும் புதன்கிழமை.

மில்லுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப மூட்டை?"

"குடும்பத்துக்கு ஒரு மூட்டை. அதான் விதி."

ஆறு வீட்டார் முகத்திலும் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. ஆறு மூட்டை தர வேண்டிய இடத்தில் ஒரு மூட்டை! மில்லுக்காரர் நான்கு வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். மருத்துவமனையில் யார் கூட இருப்பது என்ற பேச்சே எழவில்லை. முப்பத்து நான்கு பேரில் யாராவது ஒருத்தர் போகமாட்டார்களா? அந்த யாராவது நான் இல்லை என்று முப்பத்து நான்கு பேரும் நினைத்துக்கொண்டோம்.

செய்தி சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவியது. மறுநாள் காலையில் வால்வு அண்ணன் சாவியோடு தெருவில் இறங்கியபோது, வாசலுக்கு வாசல் தட்டோடு ஆட்கள் நின்றார்கள். "அண்ணே, சும்மா கை நனைச்சுட்டுப் போங்க." "முப்பது வருஷமா நம்ம வீட்ல ஒரு வாய் சாப்பிட்டதில்லையே, நியாயமா?" எச்சில் கையால் காக்காய் ஓட்டாத வீடுகள்கூட முட்டை பொரித்து வைத்திருந்தன. ஒரு கவளம் அவர் தொண்டைக்குள் இறங்கினால் போதும். அந்த வீடும் பெரிய குடும்பத்தில் சேர்ந்துவிடும், மூட்டை மிச்சம்.

சட்டம் அக்கா பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். சாப்பிட்டதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார்.

"வாயைத் திறங்க." திறப்பார். "நாக்கைத் தூக்குங்க." தூக்குவார். "ம், முழுங்கிட்டாரு. எழுதிக்கிறேன்."

"அக்கா, இப்படியே போனா சங்கத்துக்கு எத்தனை மூட்டை வரும்னு பாத்தீங்களா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"பாத்தேன்."

"அப்புறமும் எழுதுறீங்களே?"

"விதி எழுதினது நான்தான். இப்படியும் நடக்கும்னு எனக்கு அப்பத் தெரியல. அதுக்காக உங்களுக்கு ஒரு விதி, எதிர்த்த வீட்டுக்கு ஒரு விதின்னு வைக்க முடியுமா?" என்றார். குரல் வழக்கமான குரல்தான். ஆனால் எழுதிய வரியை அன்றைக்கு இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

வாரத்துக்கு ஒரு வேளை என்பதால் ஏழு நாளைக்குள் நூற்று ஐம்பத்து நான்கு புது வீடுகளை முடிக்க வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு இருபத்திரண்டு வீடு. அந்த மனிதருக்கு மறுக்கத் தெரியாது. மறுக்கத் தெரியாததோடு, உண்மையைச் சொல்ல வேண்டும், அவருக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கை கழுவியதும் "தங்கச்சி, கீரை எடுப்பா இருந்துச்சு" என்றார். குழந்தைகள் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்தன. ஒரு வீட்டில் அவருக்குப் பழைய சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். தலைமுடி வெட்டுகிறவர் குடும்பத்து ஆளிடம் கூலி வாங்கமாட்டேன் என்றார். ஐந்தாம் நாள் எங்கள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "தம்பி, நேத்து மட்டும் எனக்கு ஒன்பது மருமக" என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது இடது கை வயிற்றைவிட்டு எடுபடவில்லை.

டாக்டர் அவரிடம் வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார். அது சீட்டில் எழுதியும் இருந்தது. சீட்டு எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏழாம் நாள், கடைசித் தெருவில் கடைசிக்கு முந்தின வீட்டில், சோற்றைக் கையில் எடுத்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. ஊர்ச் செவிலி வந்து படுக்க வைத்து, அரை மணி நேரம் மெதுவாக அழுத்தி, புடைப்பை உள்ளே தள்ளினாள். "இந்தத் தடவை உள்ள போயிடுச்சு. அடுத்த தடவை போகாது. சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க" என்று எங்களைப் பார்த்துக் கத்தினாள். கடைசி வீட்டுக்காரி ஓரமாக ஒரு தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வால்வு அண்ணன் படுத்தபடியே கையை நீட்டினார். அவள் அழுதுகொண்டே ஒரு கவளம் ஊட்டினாள். சட்டம் அக்கா குனிந்து வாயைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

ஆக, எங்கள் ஊரில் அந்த வருடம் ஒரே ஒரு குடும்பம். கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று நாங்கள் மூட்டையைக் கொண்டுபோனோம். வீட்டுக்கு மூன்று கைப்பிடி தானியம் போட்டு நிரப்பியது. நான்கு பேர் தூக்க, ஊரே பின்னால் நடந்தது. மில்லுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நூற்று அறுபது மூட்டை அடுக்குகிற கிடங்கின் நடுவில் அதை வைத்தோம். குடும்பத் தலைவர் பெயரில் வரவு வைத்துக்கொண்டேன் என்றார் சட்டம் அக்கா. கை தட்டினோம்.

அடுத்த நாள் மருத்துவமனையின் எழுத்தர் வந்தார். வருடாவருடம் கிடங்கைப் பார்த்துவிட்டுத்தான் சங்கத்தோடு போடுகிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மத்த மூட்டை எல்லாம் எங்க?"

"அவ்வளவுதான்" என்றார் சட்டம் அக்கா.

"இதை வித்தா, அவருக்குத் தையல் போடுற நூல்கூட வராதும்மா." பையை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நூலைப் பற்றி எனக்குத் தெரியும். அவர் சொன்னது மிகையில்லை.

விதியை மாற்ற வேண்டுமானால் பொதுக்கூட்டம் போட வேண்டும். குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. மறுநாளே பால் சங்கத்தின் முன்னால் கூட்டம். ஐந்நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். சட்டம் அக்கா எழுந்து, "வந்திருக்கிற குடும்பங்கள்: ஒன்று. மொத்தக் குடும்பங்கள்: ஒன்று. கூட்டம் செல்லும்" என்று படித்தார். "ஓட்டு: ஒன்று. குடும்பத் தலைவர் எழுந்து சொல்லலாம்."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஊரின் மூட்டை, நோய், பிரசவம் எல்லாம் தொட்டிக்கடியில் பாய் விரித்துப் படுக்கிற ஒரு மனிதர் வாயில் வந்து நிற்கிறது. ஆளாளுக்குக் குரல் கொடுத்தார்கள். "அண்ணே, பாத்துச் சொல்லுங்க." "பெரியப்பா, இப்படியே இருக்கட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அடுத்த வருஷத்துக்கு அவர் இருக்கமாட்டார் என்பதை யாரும் சொல்லவில்லை.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நிற்கவே சிரமமாக இருந்தது.

"என் பேரை ஒரு குடும்ப அட்டையில எழுதினது இதுதான் மொத தடவை" என்றார். "பதினஞ்சு நாள் நல்லா இருந்துச்சு. பெரிய குடும்பஸ்தன் கணக்கா நடந்தேன். பொய் சொல்லல, இதை விட எனக்கு மனசு இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆனா நாலாந்தெருவுல ஒரு பொண்ணு முழுகாம இருக்கு. ரெண்டாந்தெருவுல பெரியவருக்குக் கண்ணுல புரை உரிக்கணும். ஒரு மூட்டையில அவங்க எல்லாரும் என்ன பண்ணுவாங்க? ஒத்த ஆளும் குடும்பம்தான்னு எழுதிக்கங்கக்கா. ராத்திரி எங்க தூங்குறாங்களோ அதுதான் குடும்பம்னு எழுதிக்கங்க. மத்தவங்க எல்லாம் அவங்கவங்க வீட்டுக்குப் போகட்டும்."

ஒரு ஓட்டில், ஊரளவு இருந்த குடும்பத்தைக் கலைத்துவிட்டு அவர் தனியாளாக உட்கார்ந்தார். நான் என் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நானும் ஒரு மூட்டை தரணுமேக்கா" என்றார் அவர்.

சட்டம் அக்கா பதிவேட்டைப் புரட்டினார். "முந்தாநாள் குடும்பத் தலைவர் பேர்ல ஒரு மூட்டை வந்திருக்கு. அது உங்களுது. பாக்கி நூத்தி அறுபது வீடும்தான் தரணும்." பிறகு எங்களைப் பார்த்தார். பாலைப் பார்க்கிற அதே பார்வை. இரண்டே நாளில் மூட்டைகள் வந்து சேர்ந்தன. எழுத்தர் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். மூன்றாவது விதியை யாரும் மாற்றவில்லை. குடும்பத்தில் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்ற இடத்தில், குடும்பத்தில் இருந்த ஒரே ஒருவரான அவர் பெயரையே சட்டம் அக்கா எழுதி அனுப்பினார். மருத்துவமனையில் அவருக்கு நோயாளி அட்டை ஒன்று, உடனிருப்பவர் அட்டை ஒன்று, இரண்டையும் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் தலைமைச் செவிலி அதைப் பார்த்துவிட்டாள். மயக்கம் கொடுத்த பிறகு யார் விழித்திருப்பது, யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டிருக்கிறாள். "நான்தாம்மா, எப்படியாவது முழிச்சிருக்கேன்" என்றாராம் இவர். குடும்பத்து ஆள் இல்லாமல் கத்தியைத் தொட முடியாது என்று கட்டிலைவிட்டு எழுப்பி, பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்குப் புதன்கிழமை. எங்கள் வாசலில் இறங்கி, இரண்டு அட்டையும் கழுத்தில் தொங்க, எங்கள் திண்ணையில் விட்டுப்போயிருந்த சாவியை எடுத்துக் குழிக்குள் விட்டார். தண்ணீர் திறந்துவிடும் நேரமாம்.

என் மனைவி அதைப் பார்த்தாள். பட்டன் டப்பாவை மூடினாள். உள்ளே போய் என் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள்.

"கிளம்புங்க."

"எங்க?"

"தொட்டிக்கடியில. ராத்திரி எங்க தூங்குறோமோ அதுதான் குடும்பம். நீங்க இன்னைக்கு அங்க தூங்குறீங்க."

"நூத்தி நாப்பது கால்சட்டை?"

"நான் தைக்கிறேன். கோணலாத் தைச்சா பசங்க கோணலாப் போட்டுக்கட்டும். அந்த மனுஷன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நம்ம வீட்டுக்குத் தண்ணி விடுறாரு. பாத்துக்கிட்டு ஊசியில நூல் கோக்குறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?"

இருந்தது. எனக்கு ரொம்பவே வெட்கமாக இருந்தது. என்னை இழுத்துக்கொண்டு பால் சங்கத்துக்குப் போனாள்.

"அக்கா, எங்க அட்டையில இவர் பேரை அடிச்சிடுங்க. வால்வு அண்ணன் அட்டையில எழுதுங்க. நான் தரேன்."

சட்டம் அக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு."

"அதை அவங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கட்டும்."

கட்டத்தைக் காலியாக விட்டு, சட்டம் அக்கா முத்திரை குத்தினார்.

அடுத்த நாள் மருத்துவமனையில் என் கழுத்தில் உடனிருப்பவர் அட்டை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மணி நேரம் கதவுக்கு வெளியே நின்றேன். என் மனைவி போனில் கூப்பிட்டு, தானே சாவியை எடுத்துத் திருகியதாகவும், வியாழக்கிழமைத் தெருவுக்குப் போக வேண்டிய தண்ணீர் பால் சங்கத்துக்குள் முழங்கால் அளவு நிற்பதாகவும் சொன்னாள். எது எந்தப் பக்கம் என்று அவரைக் கேட்டுச் சொல்லும்படி கத்தினாள். அவரை எப்படிக் கேட்பது? உள்ளே இருக்கிறாரா போய்விட்டாரா என்றே எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் யாருக்காகவும் அப்படிப் பயந்ததில்லை.

அவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து அவர் உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறார் என்று குனிந்தேன்.

"தம்பி" என்றார். மயக்கம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. "நம்ம வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

அந்தக் கேள்வியை அவர் தன் வாழ்நாளில் யாரிடமும் கேட்டிருக்க முடியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் காதருகே போனேன்.

"நல்லா இருக்கோம்ணே. ரெண்டு பேரும்."